நெற்றியோடு நின்றுபோன மாப்பிள்ளை

போன செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் நெற்றியை முப்பத்தைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நல்ல நெற்றிதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நெற்றியை மட்டும் நம்பி ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொடுக்க முடியுமா?

விஷயத்துக்கு வருகிறேன்.

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டில், எங்கள் தலைக்கு மேலே பட்டாபி சார் குடும்பம். அவர் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து மாமி பேசிவிடுவார். ஒரே பெண் நித்யா. இருபத்தெட்டு வயது, அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

நித்யாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் ரகு. அட்லாண்டாவில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பையனின் அப்பா அம்மா அடையாறில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் மட்டும் வந்து பெண்ணைப் பார்ப்பது, அடுத்த மாதம் பையன் லீவில் வந்ததும் மற்றதைப் பேசுவது என்று ஏற்பாடு.

நித்யா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மூஞ்சி எப்படி இருக்கும்னே தெரியாதவருக்காக நான் பஜ்ஜி தட்டைத் தூக்கிண்டு வந்து நிக்க மாட்டேன்."

நியாயம்தானே? பஜ்ஜிக்கே வாழைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

அடையாறு மாமியிடம் போட்டோ கேட்டார்கள். "அதுக்கென்ன, ரகுவை ஈ-மெயில்ல அனுப்பச் சொல்றேன். நிமிஷத்துல வந்துடும்" என்றாராம். அமெரிக்காவில் பிள்ளை இருந்தால் இப்படியெல்லாம் நம்பிக்கை வந்துவிடும் போலிருக்கிறது.

எங்கள் பிளாட்டில் இன்டர்நெட் இருப்பது என் வீட்டில் மட்டும்தான். இந்தப் பத்தியை இனிமேல் ஈ-மெயிலில் அனுப்புங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் பிடிவாதம் பிடித்ததால், மூன்று மாதத்துக்கு முன் இன்டர்நெட் வாங்கினேன். கம்ப்யூட்டரை போன் ஒயரோடு சேர்த்துவைக்க மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. அதன் அட்டையில் கொட்டை எழுத்தில் '56 K' என்று போட்டிருந்தது. வேகமாம். நானும் ஐம்பத்தாறு வந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். என் வயதைச் சொல்கிறேன் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள்.

ஆக, ரகுவின் போட்டோ என் விலாசத்துக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளிகளுக்கு மழை விடுமுறை. சனி ஞாயிறு பெய்த மழைக்குச் செவ்வாய்க்கிழமை வெயிலில் லீவு — அதை யார் கேட்பது? பட்டாபி சார், மாமி, நித்யா மூன்று பேரும் காலை ஒன்பதரைக்கே இறங்கி வந்துவிட்டார்கள். என் மனைவி வசந்தா சோபாவை இழுத்துப் போட்டாள். மாமி நெற்றியில் புதிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளை திரைக்குள்ளிருந்து பார்த்துவிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ!

மோடம் வழக்கம்போல் கீச்சிட்டது, கனைத்தது, கதறியது, ஓய்ந்தது. கனெக்‌ஷன் கிடைத்துவிட்டது. திரையின் மூலையில் வேகம் தெரிந்தது. பதினான்கு.

ஐம்பத்தாறில் பதினான்கு எத்தனை பங்கு என்று கணக்கு டீச்சர் என்னைக் கேட்கவில்லை. பெரிய மனது.

போட்டோ மேலிருந்து இறங்க ஆரம்பித்தது. முதலில் வானம். நூல் நூலாக வானம். பிறகும் வானம். "ஊர் நன்னா இருக்கு" என்றார் மாமி. பத்து நிமிடம் கழித்துக் கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. தலைமுடி! அடர்த்தியான, சுருள் சுருளான முடி. மாமி பூரித்துப்போனார்.

"பாருங்கோ, என்ன முடி! நம்மாத்துல யாருக்காவது இப்படி இருக்கா?"

வழுக்கைத் தலையரான பட்டாபி சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம்தான் அந்த நெற்றி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அலட்டிக்கொள்ளாமல். புருவம் வரப்போகும் நேரத்தில் எல்லாம் உறைந்து நின்றுவிட்டது. நாங்கள் காத்திருந்தோம். வசந்தா காபி கொண்டுவந்தாள். குடித்து முடித்தோம். நெற்றி அப்படியே இருந்தது. பிறகுதான் கவனித்தேன்... பட்டாபி சாரைக் காணோம்.

உள் அறையிலிருந்து வந்தார். அங்கே எங்கள் இரண்டாவது போன் இருக்கிறது. அதே லைன்தான்.

"ரிசீவரை எடுத்தீங்களா சார்?"

"லைன்ல உயிர் இருக்கான்னு பாத்தேன்" என்றார். "கொய்ங்குனு ஒரு சத்தம் வந்தது. உடனே வச்சுட்டேன்."

ஆயுள் முழுக்க ஆராய்ச்சி செய்தவர். சும்மா இருப்பாரா? அவர் எடுத்த அந்த ஒரு நொடியில் கனெக்‌ஷன் போய்விட்டது. போனால் போட்டோ விட்ட இடத்திலிருந்து வராது. மறுபடி வானத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாவது தடவை யாரும் எதையும் தொடவில்லை. மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டோம். இடது புருவம் வரை வந்து தானாகவே அறுந்துபோனது. மூன்றாவது தடவை வேகம் ஒன்பது. வானத்தைத் தாண்டவே இல்லை.

"புருவம் லட்சணமா இருக்கு. போறாதா?" என்றார் மாமி, நம்பிக்கை இழக்காமல்.

நித்யா எழுந்துவிட்டாள். மாடிக்குப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், வெறும் எழுத்து மட்டும்னா போகுமா?"

"ஓ... போகுமே. எழுத்துக்கு எடை கிடையாது. நொடியில் போகும்."

"கொஞ்சம் நகந்துக்கறேளா?"

நகர்ந்தேன். உட்கார்ந்தாள். டைப் அடிக்க ஆரம்பித்தாள். மாமிக்குச் சங்கதி புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் பதறிப்போனார்.

"என்னடி பண்றே? பொண்ணு தானே லெட்டர் போடறதாவது! அவா என்ன நெனச்சுப்பா? ஏன்னா, நீங்க சொல்லப்படாதா?"

பட்டாபி சார் சொன்னார்: "ஸ்பெல்லிங் பாத்துக்கோ."

இங்கிலீஷில் சின்னக் கடிதம். நான் படிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. சாராம்சம் இதுதான்: உங்கள் போட்டோ நெற்றியோடு நின்றுவிட்டது. எங்கள் லைன் அப்படி. ஆகவே நேரடியாகவே கேட்கிறேன். அது எப்போது எடுத்த போட்டோ? அங்கே சமையல் யார்? கல்யாணம் பண்ணிக்கொள்ள விரும்புவது நீங்களா, உங்கள் அம்மாவா?

அனுப்பிவிட்டாள். புருவத்தைத் தாண்டாத அதே லைனில், அந்த மூன்று கேள்வியும் ஒரு நொடியில் அட்லாண்டா போய்ச் சேர்ந்தன.

எனக்கோ கோபம் கோபமாக வந்தது. நித்யா மீது அல்ல, இன்டர்நெட் கம்பெனி மீது. மத்தியானமே மோடத்தின் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தி.நகர் கிளம்பினேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். ஏ.சி. இருந்தது. டை கட்டிய ஓர் இளைஞர் இருந்தார். சிரிப்பும் இருந்தது.

"பெட்டியில ஐம்பத்தாறுன்னு போட்டிருக்கு. எனக்குப் பதினாலு வருது."

"சார், சரியாப் பாருங்க. 56 K 'வரை'ன்னு போட்டிருக்கோம்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆமாம். ஐம்பத்தாறு யானை சைஸில் இருந்தது. 'வரை' எறும்பு சைஸில் அதன் காலடியில் கிடந்தது.

"மேலே எதுவரை போகும்னு சொல்லிட்டீங்க. கீழே எதுவரை இறங்கும்?"

"அது நாங்க சொல்ல முடியாது சார். உங்க போன் லைனைப் பொறுத்தது. எங்க பக்கம் எல்லாம் பக்கா."

போன் லைனைப் பொறுத்தது என்றால் போன்காரர்களிடம் கேட்பதுதானே முறை? கேட்டேன். வீட்டுக்கு வந்து புகார் நம்பருக்குப் போன் செய்ததும், ஒரு பெண்மணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போன்ல பேச முடியுதா சார்?"

"முடியுது. இதோ பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப லைன் நல்லா இருக்கு சார்."

வைத்துவிட்டார். என்ன தர்க்கம் பாருங்கள்! புகார் கொடுக்க முடிந்தால் புகாரே இல்லை. புகார் கொடுக்க முடியாவிட்டால்... எப்படிக் கொடுப்பது?

ஒரு தொகை வாங்கிக்கொண்டு 'வரை' என்று சொல்லித் தப்பிக்கிற வியாபாரம் வேறு எங்காவது நடக்குமா என்று தி.நகரில் படி இறங்கும்போதே யோசித்தேன். நடக்கிறது. கீழே ஜவுளிக்கடையிலேயே நடக்கிறது. '50% வரை தள்ளுபடி' என்று வாசல் முழுக்கத் துணி கட்டியிருந்தார்கள். எந்தப் புடவைக்கு ஐம்பது என்று விசாரித்தேன். விற்பனையாளர் நல்ல மனிதர். உள்ளே போய்த் தேடி எடுத்துவந்தார். கடையிலேயே ஒரே ஒரு புடவைதான் அப்படி. அதையும் விரித்துக் காட்ட அவருக்கே மனசு வரவில்லை.

பால்காரர் 'அரை லிட்டர் வரை' ஊற்றினால் சும்மா விடுவோமா? சினிமாக் கொட்டகையில் 'இரண்டரை மணி நேரம் வரை' படம் என்று சொல்லி இடைவேளையோடு விளக்கைப் போட்டால்? ஆனால் கம்ப்யூட்டர் விஷயம் என்றால் மட்டும் நமக்கு ஒரு பயம். தப்பு நம் மீதுதானோ என்று தோன்றிவிடுகிறது. கேள்வி கேட்டால் விவரம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ... டை வேறு கட்டியிருக்கிறார்கள்!

எனக்கு உண்மையைச் சொன்னவர் டை கட்டாதவர்.

புதன்கிழமை காலை தெருமுனையில், போன் ஒயர்களெல்லாம் வந்து கூடும் இரும்புப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு லைன்மேன் தனபால் உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாக இந்தத் தெருக்களின் லைன்களைப் பார்த்துக்கொள்கிறவர். மழைக்கு அப்புறம் பாதித் தெருவுக்கு போன் கரகரத்ததால் வந்திருந்தார். போய் நின்று என் கதையைச் சொன்னேன். நெற்றி வரைக்கும் சொன்னேன்.

தனபால் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இது பேசறதுக்குப் போட்ட ஒயரு. இதுல நீ அமெரிக்காவுலேருந்து ஆளை இஸ்துக்கினு வர்றே. அது எப்டி வரும்? நெத்தி வந்ததே பெருசு."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாதா?"

"இரு, பாக்கறேன்." என் லைனைத் தேடிப்பிடித்து இழுத்தார். இரண்டு ஒயர் சேரும் இடத்தில் பச்சையாகப் பூத்துக்கிடந்தது. "இன்னா பாத்தியா? தண்ணி பூந்து கீது. பேசுனா கேக்கும். நெட்டுக்கு ஆவாது." வெட்டி, சுரண்டி, புதிதாக முறுக்கி, டேப் சுற்றினார். "வூட்ல எத்தினி போன் கீது?"

"ரெண்டு."

"உள்ள கீறத புடுங்கிப் போட்டுரு. நெட் போடச் சொல்லோ அது இருக்கக் கூடாது. அப்புறம் காலைல போடு. சாயங்காலம் எல்லாரும் ஆபீஸ் வுட்டு வந்து உட்காந்துக்குவான், அந்தக் கம்பெனி லைனே கிடைக்காது."

"ஐம்பத்தாறு வருமா?"

தனபால் சிரித்தார். "அதெல்லாம் அட்டைல வரும் சார். எக்ஸ்சேஞ்சுலேருந்து உன் வூட்டுக்கு வர்றதுக்குள்ள நாலு ஜாயிண்டு கீது. முப்பது, முப்பத்திமூணு வரும். வந்தா சந்தோசமா வச்சுக்க. அதுக்கு மேல ஆசப்படாத."

இதைத்தானே நான் தி.நகரில் கேட்டேன்? முப்பத்துமூன்று வரும், காலையில் வரும், மழை பெய்தால் குறையும் என்று சொல்லியிருந்தால் நான் ஏன் அங்கே போய்க் கத்தப்போகிறேன்? வாசகர்களே, இன்டர்நெட் வாங்குகிற உத்தேசம் இருந்தால் அட்டையில் இருப்பதில் பாதியை எதிர்பாருங்கள். கொஞ்சம் கூட வந்தால் லாபம். இன்னும் விவரம் வேண்டுமென்றால் டையைத் தேடாதீர்கள். தெருமுனைப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது போனைப் பிடுங்கினேன். கனெக்‌ஷன் போட்டேன். முப்பத்துமூன்று! தனபாலுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் வேண்டுமானாலும் டாக்டர் பட்டம் கொடுக்கலாம்.

ரகுவின் பதில் வந்து காத்திருந்தது.

நான் மாடிக்குக் குரல் கொடுத்த அரை நிமிடத்தில் மூன்று பேரும் கீழே. புதன்கிழமையும் பள்ளிக்கு லீவு. நித்யா உட்கார்ந்து வாய்விட்டுப் படித்து, மாமிக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"சமையல் அவரேதானாம். ரசம் நன்னா வருமாம், சாம்பார் சுமாராம். கல்யாணம்... முதல்ல ஆசைப்பட்டது அம்மாதானாம். என் லெட்டரைப் படிச்சப்புறம் தனக்கும் கொஞ்சம் ஆசை வந்திருக்காம்."

மாமியின் முகத்தில் வெளிச்சம். நித்யா அடுத்த வரியில் நின்றாள்.

"என்னடி? படி."

"போட்டோ ஆறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்ததாம். அவர் அம்மாவுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்னு அதை அனுப்பினாராம். இப்போ..." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கள் பார்த்த நெற்றி இப்போது இரண்டு பங்கு ஆகிவிட்டதுன்னு எழுதியிருக்கார். முன்பக்கம் ஒண்ணுமே இல்லையாம்."

"வழுக்கையா!" என்றார் மாமி. இடி விழுந்தது மாதிரி ஒரு குரல்.

பட்டாபி சார் முதல் தடவையாக உரக்கப் பேசினார். "ஏன்? வழுக்கைன்னா என்னவாம்? நாலு பேர் நன்னா குடும்பம் நடத்தலையா?"

கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தார் ரகு. உங்கள் லைன் மெதுவானது என்று சொன்னீர்கள். அதனால் இன்று காலை எடுத்த போட்டோவை, தபால் தலை அளவுக்குச் சின்னதாக்கி அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் வந்துவிடும்.

வந்தது. இருபதே வினாடி. சின்னப் படம். கண்ணாடி போட்ட, சிரித்த முகம். நெற்றி உச்சந்தலை வரை பளபளவென்று இருந்தது. மறைக்கிற முயற்சி எதுவும் இல்லை. நித்யா திரைக்குப் பக்கத்தில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பதில் எழுத ஆரம்பித்தாள். வசந்தா எனக்குக் கண்ணைக் காட்டினாள். நாங்கள் எல்லாரும் சமையலறைக்கு நகர்ந்தோம். இந்தத் தடவை நான் படிக்கவில்லை. இதையாவது நம்புங்கள்.

வெள்ளிக்கிழமை அடையாறு மாமாவும் மாமியும் வந்தார்கள். நானும் வசந்தாவும் மாடியில்தான் இருந்தோம், பஜ்ஜிக்கு நெருக்கமான இடத்தில். அடையாறு மாமி கைப்பையிலிருந்து ஒரு கவரைப் பிரித்தார். "போட்டோ சரியா வரலைன்னு சொன்னேளே... தேடி எடுத்துண்டு வந்துட்டேன்." அதே படம். வானம், சுருள்முடி, நெற்றி. முதல் தடவையாக மூக்கையும் வாயையும் பார்த்தோம்.

எங்கள் மாடி மாமி வாயைத் திறக்குமுன் நித்யா சொல்லிவிட்டாள். "பாத்துட்டேன் மாமி. அவர் புதன்கிழமையே புதுசு அனுப்பிட்டார்."

"புதுசா? எங்களுக்கு அனுப்பலையே!"

அந்த அம்மாள் பிள்ளையைப் பார்த்து நாலு வருடம் ஆகிறதாம். ஒவ்வொரு வருஷமும் வருகிறேன் என்பான், வேலை வந்துவிடும். போனில் குரல் மட்டும்தான். குரலில் முடி கொட்டுவது தெரியுமா என்ன?

"எங்கே... எனக்கும் காட்டறேளா?" என்று என்னிடம் கேட்டார்.

கீழே அழைத்துவந்தேன். படத்தை ஏற்கனவே கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்திருந்தேன். திறந்தேன். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பார்த்தார். தபால் தலை அளவுப் படத்தைத் தொட்டுவிடுகிற மாதிரி அவ்வளவு கிட்டே போய்ப் பார்த்தார். வழுக்கையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ரொம்ப இளைச்சுட்டான்" என்றார். புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்ற நித்யாவைத் திரும்பிப் பார்த்து, "என்கிட்ட சொல்லலை. உன்கிட்ட சொல்லியிருக்கான்" என்றார். அதில் வருத்தம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவள் கையைப் பிடித்த பிடியில் வருத்தம் இல்லை.

நித்யா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ரகு வரட்டும், நேரில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். ரகு டிக்கெட் போட்டாகிவிட்டது. இந்த வருஷம் வேலை வந்தாலும் வருவாராம்.

அதுவரை தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் அவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் டைப் அடிக்கிறாள். லைன் கன கச்சிதம். ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. என்ன, அந்த ஒரு மணி நேரம் யார் கூப்பிட்டாலும் எங்கள் போன் எங்கேஜ்டாகவே இருக்கும்.

காலையில் அவசரமாக என்னிடம் பேச வேண்டியவர்கள், அட்லாண்டாவுக்குக் குடிபோகவும்.